வீட்டுக்காரருக்குத் தெரியாமல்

நாடா பிடித்து அளவெடுக்காததால்தான் அவளுக்குக் கண்ணளவு அக்கா என்று பெயர் வந்தது. மாடிப்படிக்குக் கீழே, ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் மூச்சுவிட இடமில்லாத தையல் கடை. வாசலில் ஆள் வந்து நின்றால் போதும், ஏற இறங்க ஒருமுறை பார்ப்பாள். தோள் இத்தனை, கை இத்தனை என்று துணியில் சாக்கட்டிக் கோடு விழுந்துவிடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியில்லாமல் போனால், "நடுவுல நீ இளைச்சிட்ட" என்பாள்.

துணியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர்களின் குணத்தையும் அதே கண்ணால் பார்த்து வெட்டித் தைத்துவிடுவாள். மழையில் குடையில்லாமல் போகிறவன் பொறுப்பில்லாதவன். எண்ணெயைச் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறவள் குடும்பம் நடத்தத் தெரியாதவள். பெரிய நாத்தனார் மகள் பிய்ந்த செருப்பையே தைத்துத் தைத்துப் போட்டாள் என்பதற்காக, "இவ கட்டிக்கிட்டவனுக்குச் சோறு போடமாட்டா" என்றாள். அந்தப் பெண் இன்று கொழுந்தன்மார் இரண்டு பேரையும் கூடவே வைத்து ஆக்கிப் போடுகிறாள். அதைச் சொல்லிக் காட்டினால், "நான் அன்னிக்குச் சொன்னதால திருந்திட்டா" என்பாள். ஆனால் யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் மிஷினைப் பாதியில் விட்டுவிட்டு முதலில் ஓடுகிறவளும் அவள்தான். வாய் கத்தரி, மனசு பஞ்சு.

அந்த மாடியிலிருந்த ஒற்றை அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். மத்தியானத்துக்கு மேல் மருந்துக்கடையில் வேலை. காலையில் கீழே வந்து அக்காவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் மங்கிக்கொண்டிருந்தது. கண்ணளவுக்காரி அதை வெளியே சொல்வாளா? அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. ஏழெட்டு ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சு உருண்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். அக்கா அதிலேயே விழுந்துவிட்டாள். கூடப் பிறந்த தங்கை மாதிரி வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை, நரைத்த தலையோடு ஒரு ஆள் படியேறினான். கொஞ்ச நேரத்தில் இறங்கியவனுக்குத் தலை கருகருவென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. ஏறினவன் இறங்கவில்லை, இறங்கினவன் ஏறவில்லை. அக்காவுக்குத் தையல் கோணிக்கொண்டு போனது. கேட்டுவிட்டாள்.

"மாடிக்கு யாரும்மா வந்துட்டுப் போறது?"

அந்தப் பெண் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்க்கா. அவருதான். வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்துட்டுப் போறாரு. தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிடுவாரு."

அக்கா மிஷினை நிறுத்தினாள். வாழ்க்கை முழுக்க அவள் 'வீட்டுக்காரர்' என்று சொன்னது தன் புருஷனைத்தான். வாடகை வாங்குகிறவர் அவளுக்கு ஓனர். ஆக, இவளுக்கு எங்கேயோ ஒரு புருஷன் இருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் ஒரு கிழவன் வருகிறான், போதாக்குறைக்கு ஒரு இளவட்டமும் வருகிறான். இதில் 'அவரு' என்று மரியாதை வேறு.

"இனிமே பொத்தான் வேலை இல்லம்மா" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் மாடிக்குப் போனாள். மறுநாளிலிருந்து பஞ்சு உருண்டையில் ஊசிகள் நூலில்லாமல் மொட்டையாக நின்றன.

அடுத்த சில நாளில் ஓனர், காற்சட்டை நீளம் குறைக்க வந்தார். தங்கமான மனுஷர், தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிசாசு. தொட்டி சின்னது என்று மாடி அறையை ஒற்றை ஆளுக்குத்தான் விடுவார். வந்ததும் தொட்டிக்குள் குச்சி விட்டு ஆழம் பார்ப்பார்.

"மாடில தண்ணி வேகமா இறங்குதேம்மா. ஒரு ஆளு இவ்வளவா குளிக்கும்?"

அக்காவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள்.

"ஒரு ஆளா? நல்லா கேட்டீங்க. வீட்டுக்காரருக்குத் தெரியாம அங்க ஆம்பள வந்துட்டுப் போகுது."

"எனக்குத் தெரியாமயா?"

"உங்களுக்கு எதுக்குங்க தெரியணும்? நான் அவ வீட்டுக்காரரச் சொல்றேன்."

"அவளுக்கு வீட்டுக்காரரு நான்தானேம்மா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வயசுலயா? வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா?"

"வாடகை வாங்குற வீட்டுக்காரரும்மா" என்று ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு ஆளுன்னு சொல்லி ரெண்டு பேரா? இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன்."

குச்சியோடு அவர் படியில் கால் வைக்கவும், தெருவிலிருந்து அந்த நரைத்த தலை வரவும் சரியாக இருந்தது. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். கிட்டத்தில் பார்த்தால் நரையல்ல, மாவு. புருவத்திலும் மாவு, காது மடலிலும் மாவு. சத்தம் கேட்டு மாடிப்பெண்ணும் பாதிப் படி இறங்கி நின்றாள்.

"இவருதான்க்கா எங்க வீட்டுல" என்றாள், அழுகிற குரலில். "பேக்கரில ராத்திரி மாவு பிசையறாரு. படுக்கறதும் அங்கயே, மூட்டை மேல. அங்க பொம்பளைங்க தங்கக் கூடாது, இங்க ரெண்டு பேரு தங்கக் கூடாது. குளிக்க மட்டும் வருவாரு."

கிழவனும் இளவட்டமும் ஒரே ஆளாகி எதிரில் நின்றார்கள். தன் வாய் ஒரு குடும்பத்தின் கூரையைக் கத்தரிக்கப் பார்த்தது அக்காவுக்கு உறைத்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து ஓனருக்கும் படிக்கும் நடுவில் நின்றாள்.

"தம்பி, குளியல் மேல இல்ல. கடைக்குப் பின்னால என் டிரம் இருக்கு, நான் தெருக்குழாயில பிடிச்சு வச்சது. அங்க போ." பிறகு ஓனரிடம் திரும்பினாள். "இனி உங்க தொட்டியில ஒரு சொம்பு குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க."

"பேச்சுன்னா பேச்சும்மா. ஒரு ஆளுக்குத்தான் வீடு."

"குளிச்சுட்டு மேல போய்ப் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கப்போறான். அதுக்கு எவ்வளவு தண்ணிங்க செலவாகும்? குச்சி விட்டுப் பாத்துச் சொல்லுங்க."

ஓனர் குச்சியைப் பார்த்தார், மாவுத் தலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "காற்சட்டையையாவது சரியா குறைச்சு வை" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஊசியெல்லாம் மொட்டையா கிடக்கு. கீழ வாடி" என்றாள்.

"வீட்டுக்காரரு சாப்பிட்டதும் வர்றேன்க்கா."

"எந்த வீட்டுக்காரருன்னு தெளிவா சொல்லித் தொலை."

அந்த வாரமே அவனுக்குத் தன் செலவில் ஒரு சட்டை தைத்தாள். நாடா எடுக்கவில்லை. கை குட்டையாகப் போய், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. மாடிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அசரவில்லை.

"மாவு பிசையறவனுக்குக் கை ஏத்தித்தாண்டி இருக்கணும். தெரிஞ்சுதான் தச்சேன்."