மணியத்தின் கிட்டாருக்கு ஒரு பிரிட்ஜ்

மணியம் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் செய்தாள். "மாமா... அப்பா எந்திரிக்கல மாமா..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. உடனே வண்டியை எடுத்தேன்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். நான் இன்னும் அவன் ஊரான ரிங்லெட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தாப்பா ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, முன்னால் லோரி வரிசை, வண்டி ஓர் அடி நகரவில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இதை டைப் செய்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் கேமரன் மலையில் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தோம். அவன் இலை உருட்டும் ரோலர் மெஷின், நான் இலை காய வைக்கும் ட்ரையர். எஸ்டேட் பேண்டில் அவன்தான் கிட்டார். அவன் வாசித்தால் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஜன்னல்கூட திறக்கும்.

ஒரு நாள் அவன் இடது கை ரோலரில் மாட்டிக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான் இருந்தன.

"கம்பிய அழுத்துற கைடா இது" என்றான். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவனுடைய பழைய பெட்டி கிட்டாரில் கம்பிகள் உயரம். அழுத்தினால் தழும்பு பிய்ந்து ரத்தம் வரும். கடைசியில் அதைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி தாழ்வாக இருக்கும், லேசாகத் தொட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். புதுசு வாங்குகிற நிலையிலா இருந்தோம்... நாங்களே செய்ய இறங்கினோம். பழைய கட்டில் பலகையில் உடம்பு, பேண்டில் உடைந்து கிடந்த இன்னொரு கிட்டாரின் கழுத்து.

"இந்தக் கோயில் திருவிழாவுல வாசிக்கலன்னா, இனி நான் தொடவே மாட்டேன்லா" என்றான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன்.

எல்லாமே அந்த பிரிட்ஜில்தான் இருந்தது. கிட்டாரின் வயிற்றில் கம்பிகள் ஏறி உட்காருமே, அந்தச் சின்னத் திண்டு. அது உயர்ந்தால் கம்பி உயரும், தாழ்ந்தால் கம்பி தாழும்.

முதலில் மரத்தில் செதுக்கினோம். ஈரச் சட்டையோ கருவாடோ, எஸ்டேட்டில் எது நனைந்தாலும் ட்ரையர் பக்கத்தில் கொண்டுவந்து வைப்போம். இதையும் பலகையோடு சேர்த்து அங்கேயே வைத்துக் காயவைத்து எடுத்தோம். ஃபேக்டரிக்குள் பூட்டிப் பார்த்தபோது அவ்வளவு அருமை. மணியம் வலியில்லாமல் வாசித்தான், சிரித்தான்.

தொழிலாளர் வரிசையில் அவனுடைய லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். வெளியே மூடுபனி, உள்ளே ஈரச் சுவர். அந்த வாரமே மரம் தண்ணீர் குடித்து ஊதி, கம்பி எல்லாம் எழும்பி நின்றது. மணியம் அழுத்தினான். ரத்தம்.

"எல்லாம் என் தலையெழுத்துடா" என்று கிட்டாரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு அவனை வலுக்கட்டாயமாக பஸ் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். கிட்டார் கடை முதலாளி தவ்கே இரண்டு இரும்பு பிரிட்ஜை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று, ஸ்பிரிங்கும் ஆட்டுகிற கையும் வைத்தது. இன்னொன்று மொட்டையாக, ஒவ்வொரு கம்பிக்கும் சின்னத் திருகாணி மட்டும். திருகினால் ஏறும், இறங்கும்.

மணியத்தின் கண் முதலாவதை விட்டு அசையவில்லை. "இந்தக் கைய ஆட்டுனா சத்தம் அப்படியே அழும்டா."

"அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால குழி தோண்டணும்டா. நம்ம கட்டில் பலகை அம்புட்டு தடிப்பு இல்ல."

அவன் அந்த ஆட்டுகிற கையைப் பாதி விரலால் ஒருமுறை தடவினான். பிறகு மொட்டையை எடுத்தான்.

"அழுற சத்தம் வேணாம்லா. எறங்குனா போதும்."

திருகாணி திருகுவதற்கு ஒரு குட்டிச் சாவி கூட வந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டான். நான் திருகுவேன், அவன் அழுத்திப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம் எறக்கு... இன்னும் கொஞ்சம்..."

திருவிழாவில் வாசித்தான். ரொம்பவே இறக்கிவிட்டதில் கம்பி கர்ர் கர்ர் என்று கத்தியது. கங்காணி மேடைக்கு வந்து, "ஏன்டா, ஸ்பீக்கர் கிழிஞ்சி போச்சா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு மணியம் அடுத்த பாட்டை ஆரம்பித்தான். ரத்தம் இல்லை. எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை. நான் கிள்ளானுக்குக் குடிபோன பிறகும், போகும்போதெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டுதான் போவேன்.

போன மாதம் போயிருந்தேன். ஆள் பாதியாக இருந்தான். விரல்களில் வாதம் வேறு. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "கம்பி ஏறிருச்சுடா. எறக்கி விடு" என்றான்.

திருகினேன். எல்லாத் திருகாணியும் அடியில் போய் முட்டிவிட்டது. கிட்டாரின் கழுத்தே வளைந்திருந்தது, இனி இறக்க இடமில்லை. அவன் அழுத்தினான், முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம்டா."

சாவியை வைத்துத் திருகுவது போல் சும்மா கையைச் சுற்றினேன்.

மறுபடி அழுத்தினான். சத்தம் வரவே இல்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"ம்ம்... இப்ப சரியா இருக்குடா" என்றான்.

வண்டி இன்னும் நகரவில்லை. மணி ரெண்டாகிவிட்டது. சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் இருடா மணியம்... வந்துகிட்டே இருக்கேன்.