கோழி அடையும் நேரம்

நெல்பேட்டையில் ஒரு கோழிக்கறிக் கடையில் உமர் பாரூக் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். வாடிக்கையாளர் கை காட்டும் கோழியைக் கூண்டிலிருந்து எடுப்பது, அறுப்பது, உரிப்பது, துண்டு போடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாய் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. ஐம்பத்து நான்காவது வயதில் அவருடைய வலது கைவிரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனியும் கத்தி பிடித்தால் கையே விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். மறுவாரமே வேலையை விட்டார்.

அவனியாபுரத்தில் அவருக்குச் சின்னதாய் ஒரு வீடு இருந்தது. பின்பக்கம் கொஞ்சம் காலி இடம், அதில் ஒரு முருங்கை மரம். ஒரே மகள் சுஃபியா திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லையில் போட்டுக்கொண்டு, தாழப் பறந்து இறங்கும் விமானங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி மெஹருன்னிசா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, நாலஞ்சு நாட்டுக்கோழி வாங்கி விடுவோமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இம்புட்டு வருஷமா எஞ்சட்டைய மூக்கப் பொத்திக்கிட்டுத் தொவச்ச. இப்ப நீயே கோழி கேக்குறியாக்கும்?"

"அது கடைக்கோழி. இது வீட்டுக்கோழி. முட்டைக்கு மட்டுந்தான். கத்திப் பேச்சே எடுக்கப்படாது."

சரி என்று தலையாட்டிவிட்டார். அப்புறம் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கோழியின் ஈரல் எங்கே, பித்தப்பை எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். அது எங்கே தூங்கும், விடிந்ததும் என்ன செய்யும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. இதை மனைவியிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் மளிகைக் கடைக்குப் போன நேரம் பார்த்து நல்லகாமனுக்குப் போன் போட்டார். நல்லகாமன் அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர். பண்டிகைக்குப் பண்டிகை கடைக்கு நாட்டுக்கோழி கொண்டுவந்து போடுகிறவர்.

"அண்ணே, கோழி ராத்திரி எப்படிப் படுக்கும்?"

நல்லகாமனுக்கு நம்ப முடியவில்லை.

"பாய், நீங்களா கேக்குறீங்க?"

"நாந்தான் கேக்குறேன். சிரிக்காமச் சொல்லுங்க."

"அது எங்க படுக்குது? கம்புல உக்காந்துக்கிட்டே தூங்கும் பாய். கம்பு கொஞ்சம் பருமனா இருக்கணும். அப்பத்தான் கால் வெரல வயித்து எறகுக்குள்ள பொத்தி வச்சுக்கிரும். அடியில கல்லப் பாவிருங்க, இல்லேன்னா கீரி பறிச்சுக்கிட்டு உள்ள வந்துரும். ஒரு மூலையில மண்ணுஞ் சாம்பலுமாக் கொட்டி வைங்க, குளிக்கும்."

"மண்ணுலயா குளிக்கும்?"

இப்போது நல்லகாமன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

கூண்டுக்காகப் பழைய கடைக்குப் போனார். முதலாளி ஷாநவாஸ் சின்ன வயதுக்காரர், அவரை மாமு என்றுதான் கூப்பிடுவார். "ரெண்டு கூண்டு சும்மாதான் கெடக்கு மாமு, எடுத்துட்டுப் போங்க" என்றார். உமர் பாரூக் கூண்டின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே நிற்கும் கோழியால் தலையை நிமிர்த்த முடியாது. எந்தக் கோழியும் அதில் ஒரு நாளைக்கு மேல் இருந்ததில்லை, அதனால் அந்தக் குறை அவர் கண்ணில் பட்டதுமில்லை. "இன்னொரு நாளைக்கு வாரேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பரணில் கிடந்த பழைய மரக்கட்டிலைப் பிரித்தார்கள். அதன் கால்கள் கூட்டுக்குக் கால்களாயின, சட்டங்கள் பக்கச் சட்டங்களாயின. சுத்தியலைப் பத்து அடிக்கு மேல் அவரால் பிடிக்க முடியவில்லை. மெஹருன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள், அவர் இடது கையால் ஆணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு அடி அவர் கட்டைவிரலில் விழுந்தது.

"அல்லாவே! பாத்துப் பிடிக்கக் கூடாதா?"

"அடிச்சது நீ. ஏச்சு எனக்கா?"

விரலை அவள் வாயருகே வைத்து ஊதினாள். கல்யாணமான புதிதில் இப்படி ஊதியிருக்கிறாளோ என்னவோ, அவருக்கு ஞாபகமில்லை. கூடு ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. ஆனால் சாம்பல் குழி, கல் பாவிய தரை, கைப்பிடிப் பருமனில் ஒரு வேப்பங்கம்பு எல்லாம் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், இரண்டு பஸ் மாறி நல்லகாமன் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி முத்துத்தாய் ஐந்து விடைக்கோழிகளை ஒதுக்கி வைத்திருந்தார். முட்டையிடும் பருவத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருந்த இளங்கோழிகள். ஒன்றைத் தூக்கிய உடனே உமர் பாரூக் தன்னையறியாமல் சொன்னார்: "ஒரு கிலோ நூறு."

"எடைய விடுங்க பாய்" என்றார் முத்துத்தாய். "கொணத்தக் கேளுங்க. இந்தச் செவல மொரடு, கொத்தும். இந்தச் சாம்பக் கலரு பயந்தாங்கொள்ளி, இதுக்குத் தனியா எர போடணும்." சாம்பல் கோழியை அடிவயிற்றில் உள்ளங்கை கொடுத்து ஏந்தி, ஒரு கிண்ணத்தைக் கொடுப்பதுபோல் அவரிடம் கொடுத்தார். "மூணு நாளு கூட்டுலயே அடச்சு வைங்க. பெறகு தெறந்து விட்டா, பொழுதடைய அதுவா வந்து ஏறிக்கிரும்."

நான்காம் நாள் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் வானம் மங்கியதும், யாரும் கூப்பிடாமலே நான்கு கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் ஏறிக்கொண்டன. சாம்பல் கோழி மட்டும் மரத்தடியில் திகைத்து நின்றது. உமர் பாரூக் பின்னால் போய்ப் பிடித்தார். இருபத்தேழு வருஷப் பழக்கம், கை தானாகவே இரண்டு இறக்கைகளையும் அடியில் சேர்த்து இறுக்கியது, கட்டைவிரல் கழுத்துக்குப் போனது. கோழி கத்தவில்லை. சட்டென்று அடங்கியது. அந்த அடக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

தீயைத் தொட்டவர்போல் கையை விட்டுவிட்டார். கோழி படபடத்து மதிலேறி, பக்கத்துக் காலிமனையில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டது.

"விடுங்க, காலையில வந்துரும்" என்றாள் மெஹருன்னிசா. அவள் குரலில் நம்பிக்கை இல்லை. அந்த மனையில் கீரி உண்டு.

அவர் மதிலைச் சுற்றிப் போனார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளுக்குக் கீழே தவழ்ந்து உள்ளே போனார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. புதரின் தூரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது கோழி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்தபடி காத்திருந்தார். கோழியை எடுத்து அறுக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகிய "பிஸ்மில்லா" அப்போதும் வாயில் வந்தது. மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, முத்துத்தாய் கொடுத்த மாதிரியே அடிவயிற்றில் உள்ளங்கையைக் கொடுத்தார். மரத்துப்போன வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கையில் அதன் நெஞ்சு விறுவிறுவென்று அடித்துக்கொண்டது. சட்டைக்குள் வைத்து மேலே ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தார்.

கோழியைக் கம்பில் உட்கார வைத்த பிறகு கூட்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். மெஹருன்னிசா லைட்டைப் போட்டு, அவர் முதுகிலும் கையிலும் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் எடுத்தாள்.

"நிசா, இங்க பாரு. கண்ண எப்படி மூடுது பாரு. நம்மள மாதிரி இல்ல, கீழ எமை மேல ஏறுது."

"எம்புட்டுக் கோழியப் பாத்திருப்பீங்க, இது தெரியாதா?"

"எங்கிட்ட வந்த கோழி எதுவும் தூங்கலியே" என்றார்.

அவள் ஊக்கைக் கீழே வைத்தாள். முள் இன்னும் இருந்தது. கொஞ்ச நேரம் அவர் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி போட, ஐந்தையும் கூடையில் வைத்து ஷேர் ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாம்பல் கோழியை முதலில் எடுத்து ஏந்திக்கொண்டு, ஒரு இறக்கையை மட்டும் விரித்துக் காட்டினார். கோழி துள்ளவில்லை. டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அழகாப் பிடிக்கிறீங்களே. ரொம்ப நாளா வளக்குறீங்களா?"

"இல்லம்மா, பத்துப் பன்னெண்டு நாளாத்தான்" என்றார் உமர் பாரூக்.

கூடைக்குள் கையை விட்ட மெஹருன்னிசாவைச் செவலைக்கோழி ஒரு கொத்துக் கொத்தியது. "ஆத்தாடி, இத நீங்களே எடுங்க" என்று கூடையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் குனிந்து எடுத்தார்.