குமிழ்களில் ஒட்டிய பொட்டுகள்

தொண்ணூற்றொன்றில் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் வாசித்த சிந்தசைசர் என்ற கீபோர்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. இன்றைக்கு அதே கருவியைக் கணினித் திரையில் படமாகவே போட்டுவிட்டார்கள். மவுசால் குமிழைத் திருப்பி, பிடித்த ஒலி வந்ததும் பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். அப்போது குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி. ஒரு நூல் நகர்ந்தால் வேறு ஒலி.

நான் எட்டாவதோடு நின்றவன். குமிழ்களுக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அர்த்தம் தெரியாது. காதால்தான் கற்றுக்கொண்டேன். ஒரு குமிழ், ஒலி சட்டென்று எழ வேண்டுமா மெல்ல எழ வேண்டுமா என்பதற்கு. இன்னொன்று, விரலை எடுத்த பிறகும் அது எவ்வளவு நேரம் இழுபட வேண்டும் என்பதற்கு. மற்றொன்றை மூடினால் ஜலதோஷம் பிடித்த குரல் வரும், திறந்தால் காது கூசும். இவற்றைத் திருப்பித் திருப்பி நாயனத்தின் ஒலியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

கண்டுபிடித்த அன்றே பயமும் வந்துவிட்டது. தொலைந்துபோனால்? என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்டிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்து, குமிழ் நிற்க வேண்டிய இடங்களில் ஒட்டினேன். நாயனத்துக்குச் சிவப்பு, புல்லாங்குழலுக்குப் பச்சை, வயலினுக்குக் கறுப்பு. மொத்தம் பதினேழு. பொட்டு பார்த்து வாசிக்கிறவன் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. வெயிலில் பசை விட்டுவிடுமோ என்று தினமும் காலையில் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜை விழாவை விஜயதசமி அன்று சாயங்காலம் வைத்திருந்தார்கள். என் நாயன ஒலியோடுதான் கச்சேரி தொடங்கும் என்று குழுத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். பழகுவதற்காகக் கருவியை எப்போதும்போல ஓரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டிலேயே விட்டுப் போனவர், போகும்போது சொன்னார்: "தம்பி, இந்த வாட்டி சொதப்புனா அவ்ளோதான். சைதாப்பேட்டைல ஒர்த்தன் ரெடியா கீறான். நோட்ஸ் பாத்து வாசிப்பான்."

இந்த வேலை போனால் மறுபடியும் ஜல்லி உடைக்கும் கிரஷர்தான். அந்தத் தூசியில் பிடித்த இருமல் அப்போதுதான் விட்டிருந்தது.

ஆயுத பூஜை அன்று பொரியும் பூசணிக்காயும் வாங்க சிங்கப்பெருமாள் கோவில் வரை போய் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் சாமி படத்துக்கு முன்னால் சிந்தசைசர் பளபளவென்று இருக்கிறது. ஒவ்வொரு குமிழின் தலையிலும் சந்தனம், குங்குமம். கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது.

"இதுல ஒட்டியிருந்த பொட்டெல்லாம் எங்க?"

மனைவியின் முகம் மாறியது. "நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க கச்சேரில பாடுறாளே, அவ நெத்தியிலர்ந்து பதினேழு பொட்டா உதிரும்?"

"உன் பாக்கெட்டுல எடுத்ததுதான்டி."

"என்னுதா? நான் கொறையுது கொறையுதுன்னு கடக்காரன திட்டிகினு கீறேன்!" என்றவள் கண்ணாடியைக் காட்டினாள். நிறம் பிரித்து வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். "ஒண்ணுகூட வீணாக்கல. சாமிக்கு வெக்கிற சாமான்ல பொம்பள பொட்டு எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"குமிழத் திருப்புனியா?"

"இடுக்குல அவ்ளோ அழுக்கு. எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பி வெச்சித் தொடச்சேன். இன்னாங்க, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

சொன்னேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஸ்விட்ச்சை நோக்கிக் கையை நீட்டியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பூசைல வெச்சாச்சு. நாளைக்கு எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாதுங்க."

அவளைவிட எனக்குத்தான் அந்தப் பயம் அதிகம். கிரஷரில் இருந்தபோது, பூஜையில் வைத்த மோட்டாரை அவசரத்துக்கு ஓட்டிய ஒருவனுக்கு இரண்டு விரல் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் தொடவில்லை. அன்று முழுக்கக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, காற்றில் குமிழ்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இதுவா, இன்னும் கொஞ்சமா? ஒலியே இல்லாமல் ஒலியைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து ஸ்விட்ச்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. வேன் வந்து ஹாரன் அடிக்கும் வரையிலும் வரவில்லை.

மேடையில் சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. எல்லாக் குமிழ்களையும் திருப்பினேன். நாயனம் கிட்டே வந்து, கிட்டே வந்து, விலகிப் போனது. அதற்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். தலைவர் கண் காட்டினார். முதல் சுரத்தை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அது அடங்காமல் மேலே மேலே ஏறிக் கத்தியது.

"ஏ, ஷிப்ட் முடிஞ்சிச்சிப்பா, சைரன் ஊதிட்டாங்கோ!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"அப்போ எனக்கு ஓவர்டைம் போட்டுரு சூப்பர்வைசரு!" என்றது இன்னொரு குரல். கூட்டம் மொத்தமும் சிரித்தது. குழந்தைகள் கை தட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பாமலேயே டோலக்காரருக்குச் சைகை காட்டி, பாட்டுக்குப் போய்விட்டார். மீதிக் கச்சேரி முழுக்க நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் கேட்டார். "இன்னாடா ஆச்சு? போன வாரம் தேனாட்டம் இருந்துச்சே அந்த சவுண்டு."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், சிரித்திருப்பார், இன்னொரு மூன்று மாதம் கொடுத்தாலும் கொடுத்திருப்பார். என் வாயில் வந்தது வேறு.

"மிஷின்ல கோளாறுண்ணா."

"அப்படியா? சரி, மவுண்ட் ரோட்டுல குடுத்துப் பாப்போம்" என்று கருவியை வேனிலேயே வைத்துக்கொண்டு, என்னை மட்டும் சிங்கப்பெருமாள் கோவிலில் இறக்கிவிட்டார். ரிப்பேர் ஆனதும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

பத்து நாள் பார்த்துவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார்.

"மெக்கானிக்கு அக்கு அக்கா கழட்டிப் பாத்துட்டான். ஒரு கோளாறும் இல்லன்றான். அப்போ கோளாறு எதுல தம்பி?"

உள்ளே அந்தச் சைதாப்பேட்டைக்காரன் அதை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். அப்போதும் பொட்டைப் பற்றிச் சொல்லாமல், கிரஷரில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கப் பஸ் ஏறினேன்.