சுவரில் சாயாதே

பேத்திக்குக் காய்ச்சல் என்றால், கொஞ்சம் எழுந்து நில்லம்மா என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. மருமகள் முறைக்கிறாள். சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்லக்கூடிய ஆலோசனை அல்லதான். எந்த விதியிலும் அது இல்லை. என் அப்பாவிடமிருந்து வந்தது.

நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தபோது ஒரு மே மாதம் காலரா பரவியது. சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக வந்து, பேதி கண்டவர்களை வேனில் ஏற்றித் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார். முறையான ஏற்பாடு. பின்னாளில் நானே பலரை அப்படி ஏற்றியிருக்கிறேன்.

எனக்கும் பேதி கண்டிருந்தது. வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அப்பா என்னைப் பாயிலிருந்து தூக்கினார். பள்ளிச் சட்டையை மாட்டி, தலைவாரி, முகத்தில் பவுடர் அப்பினார். வாசலில் நிறுத்தி, முதுகுப்பக்கம் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கையின் பிடி இறுகிக்கொண்டே போனது. வேனைவிட எனக்கு அந்தக் கையிடம்தான் பயமாக இருந்தது.

"சுவத்துல சாயாத. கண்ண மூடாத. கீழ வுயுந்தின்னா இட்டுகினு பூடுவானுங்க."

பையன் பள்ளிக்கூடம் கிளம்புகிறான் என்றார் ஆய்வாளரிடம். மே மாதத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளில் அது இல்லை போலும். அவர் திரும்பும் நேரத்தில் எனக்குக் காலோடு கழிந்தது. கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த அம்மா வெளியே வந்தார்.

"உன் பயத்துக்கு எம்புள்ளய பலி குடுக்காதய்யா. சார், இட்டுகினு போங்க."

வேனின் பின்கதவைச் சாத்துவதற்கு முன் அப்பாவைப் பார்த்தேன். நடுத்தெருவில் கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்று, எனக்குப் புரியாத மொழியில் ஒரு சொல்லைக் கத்தினார். பக்கத்தில் ஓரடி நகர்ந்து நின்று இன்னொரு சொல்லைக் கத்தினார். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிழைத்து வந்தேன். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் இறந்த பிறகு அத்தைதான் சொன்னார். யுத்தத்தின்போது மலேயாத் தோட்டத்திலிருந்து அப்பாவையும் அவர் தம்பியையும் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். முகாமில் காலரா. காலையில் வரிசையில் நின்று அவரவர் எண்ணை ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும். நிற்க முடியாதவர்களை நோயாளிக் குடிசைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கிருந்து யாரும் திரும்பியதில்லை. தம்பி விழுந்த காலையில் அப்பா தன் எண்ணைச் சொல்லிவிட்டு, ஓரடி நகர்ந்து நின்று தம்பியின் எண்ணையும் தானே சொல்லிப் பார்த்தாராம்.

கள்ளிக்குப்பத்தில் அவர் கத்திய இரண்டாவது எண் என்னுடையது. வேனுக்குள் கிடந்த எனக்கு அது தெரியவில்லை. தெருவே சிரிக்கிறதே என்றுதான் அழுதேன்.