அரண்மனை யாருடையது?

என் மனைவி கேதீஸ்வரியோடு உட்கார்ந்து ராசா ராணிப் படம் பார்ப்பதைவிட, உச்சி வெயிலில் பாசிக்குடா ஹோட்டல் கூரையில் ஏறி ஏசி திருத்துவது சுகம். இரண்டும் எனக்கு நல்ல பழக்கம், அதனால்தான் சொல்கிறேன்.

அவள் தையல்காரி. காத்தான்குடியில் துணி எடுத்துவந்து, தேற்றாத்தீவுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிறவள். திரையில் வாளோடு ஒரு பெண் வந்தால் போதும், தொடங்கிவிடுவாள்.

"இஞ்சேருங்க, அந்தச் சட்டையப் பாருங்க. கக்கத்தில துணியே விடல்ல. கையத் தூக்கினா டர்ரெண்டு கிழியும். இவள் எப்பிடி வாள் வீசுறாள்?"

கவசம் நெஞ்சை மட்டும் மூடி வயிற்றைத் திறந்து விட்டிருந்தால், "வயித்தில குத்த மாட்டாங்களாமா?" என்பாள். தலைமயிரை விரித்துவிட்டுக் குதிரையில் ஏறினால், "சண்டைக்குப் போறாளா, பேன் பாக்கப் போறாளா?" குதிரைக்கு மேலே நின்றுகொண்டு அம்பு விட்டால் என்னைத்தான் முறைப்பாள், படத்தை எடுத்தவன் நான் என்பதுபோல.

ஆனால் ஒன்று. பெண் ஆயுதம் தூக்குவாளா என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யாருமே கேட்பதில்லை. யுத்த காலத்தில் தூக்கியவர்கள் இன்று சந்தையில் மரக்கறி விற்கிறார்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் நிற்கிறார்கள். கண்டால் சிரிப்போம், சுகம் கேட்போம். அதற்குமேல் பேச்சு இல்லை.

என் ஊர் வாகரை. கல்யாணமானதும் ஒரு பையோடு தேற்றாத்தீவுக்கு வந்தேன். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் வழக்கம் அப்படித்தான். வீடும் வீட்டைச் சுற்றியுள்ள வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை பெண் கட்டிய இடத்துக்குப் போக வேண்டியவன். கேதீஸ்வரியின் அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்த வளவு இது. அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு மாமி வளவின் மூலையில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். என் வாகரை வீடு என் தங்கைக்குப் போனது. இதில் எனக்குக் கோபமா என்று கேட்காதீர்கள். மீன்குழம்புக்கு உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதற்குமுன் யார் வீட்டுக் குசினி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடல் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, புது வீடு கட்டித்தர ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார் வந்த இளைஞர். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பாக்கியராசா" என்றேன். கேதீஸ்வரி என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னுக்கு வந்தாள்.

"தலைவர் இவர்தான் சேர். அதில ஒரு குறையுமில்ல. ஆனா வளவு என்ட அம்மா தந்தது. வீட்ட என்ட பேரில எழுதுங்க."

"அப்பிடி எழுத ஏலாதம்மா. எல்லாருக்கும் கணவர் பேரிலதான்."

"அப்ப அந்த வீட்டக் கொண்டுபோய் வாகரையில, இவர்ட தங்கச்சிட வளவில கட்டுங்க. இஞ்ச என்ட மண்ணில ஒரு கல்லும் வைக்கப்படா."

கூடாரத்தில் பிள்ளைகள் இருவரும் இருமிக்கொண்டு கிடந்த காலம் அது. வருகிற வீட்டையும் விரட்டிவிடுவாள் போலிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அசையவில்லை. அந்த இளைஞர் மூன்று தரம் வந்து போனார். நாலாம் தரம் வந்தபோது கேதீஸ்வரி என்றே எழுதினார். என் பெண்டாட்டியை நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளிடம் சொல்லத்தான் இல்லை.

இப்போது அந்த வீட்டைப் பற்றித்தான் பிரச்சினை வந்தது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் விதுர்ஷா, மிட்வைஃப். ஸ்கூட்டியில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறாள். முப்பது கடந்துவிட்டது. வந்த சம்பந்தங்கள் எல்லாவற்றுக்கும், "எனக்குக் கல்யாணம் வேணாம்" என்று ஒரே பதில். காரணம் கேட்டுக் கேட்டு நாங்கள்தான் களைத்தோம். இளையவன் துசாந்தன். களுதாவளையில் கிருஷாந்தினி என்ற பிள்ளையோடு நாலு வருடக் காதல். பிள்ளை தங்கம். ஆனால் அவள் மூன்றாவது பெண். தகப்பன் அழகரத்தினம் மூத்தவர்கள் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்து முறிந்துபோன மனிதர். மூன்றாமவளுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு துண்டு நிலமும் இல்லை.

வழக்கத்தில் வீடு மகளுக்குக் கல்யாணத்தோடு போகிறது. கல்யாணம் வேண்டாம் என்கிற மகளுக்கு என்ன செய்வது என்று அந்த வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. துசாந்தன் வந்து தாயின் காலடியில் உட்கார்ந்தான். "அக்கா கட்டப் போறதில்லதானேம்மா. வீட்ட எனக்குத் தாங்க. அக்காவ நான் பாப்பன்." மகன் கேட்டால் உருகிப்போவாள் கேதீஸ்வரி. அழகரத்தினத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். நானும் தலையாட்டினேன். நாள் பேச அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்றுவிட்டு எல்லோரும் டீவிக்கு முன்னால் இருந்தோம். யாரோ புதிதாக எடுத்த ராசா ராணிப் படம். ராசா தன் இளைய மகனுக்கு முடி சூட்டுகிறார். மூத்த மகள் அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போய்ப் பெண்களைச் சேர்த்துப் படை திரட்டுகிறாள். விதுர்ஷா மூலையில் நின்று வேலைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கட்டுக்கதை," என்றான் துசாந்தன். "அந்தக் காலத்தில பொம்புளப் படை இருந்ததுக்கு எந்தக் கல்வெட்டில ஆதாரம் இரிக்கு? போனில ஒருத்தர் விளக்கமா சொல்றார். அரண்மனையில காவலுக்கு நிண்டிருப்பாங்களாம். போர்க்களத்துக்கு வந்திருக்க மாட்டாங்களாம்."

"வாள் தூக்குவாள்டா மனே," என்றாள் கேதீஸ்வரி. "விறகு கொத்துறவளுக்கு வாள் என்ன பாரம்? எனக்கு அது இல்ல பிரச்சினை. இவள் ஏன் சண்டைக்குப் போறாள்? மூத்த பொம்புளப் புள்ள. அரண்மனை இவள்டதானே! தம்பிக்காரன் கட்டிப் போக வேண்டியவன். படம் எடுத்தவனுக்கு ஒரு இழவும் விளங்கல்ல."

நான் சிரித்தேன். "எல்லா ஊரும் மட்டக்களப்பா கேதீஸ்?"

"எந்த ஊராவும் இரிக்கட்டும். அந்த ராணிய ஒருக்காக் காட்டினானா? பெத்தவள் எங்க போனாள்? எந்தத் தாய் மகள்ட வீட்டத் தூக்கி மகனுக்குக் குடுப்பாள்? ஒரு வீட்டிலயும் நடவாது!"

"நீங்க குடுக்குறீங்கதானேம்மா," என்றாள் விதுர்ஷா.

கோபமாகச் சொல்லவில்லை. அயன்பெட்டியைக் கையிலிருந்து வைக்கக்கூட இல்லை. டீவியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. துசாந்தன் எழும்பி வெளியே போனான்.

"நீதானே புள்ள கல்யாணம் வேணாமெண்டாய்?" கேதீஸ்வரியின் குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணந்தான் வேணாமெண்டன். வீடு வேணாமெண்டு எப்ப சொன்னன்?"

சீருடையை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ராசகுமாரியைப் பற்றி அதன் பிறகுதான் நான் யோசித்தேன். அப்படி ஒருத்தி உண்மையில் இருந்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எப்படி உண்டாகியிருப்பாள் என்பது தெரிந்துவிட்டது. பிறந்த வீட்டில் இவளுக்கு இனி என்ன தேவை என்று நம்மைப்போல நல்ல மனிதர்கள் கூடிப் பேசி முடித்திருப்பார்கள். எங்கள் பிள்ளை காட்டுக்குப் போகாமல் வேலைக்குப் போகிறாள். திங்கட்கிழமையும் போனாள், செவ்வாயும் போனாள். சாப்பிட்டாள், பேசினாள். கேதீஸ்வரிதான் சாப்பிடவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தையல் மெஷின் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழகரத்தினமும் மனைவியும் வெற்றிலையும் வாழைப்பழச் சீப்புமாக வந்தார்கள். கதிரை போட்டு இருத்தினோம். அவர் வாய் திறப்பதற்குமுன் கேதீஸ்வரி எழும்பி நின்றாள்.

"அண்ணன், கோவிக்கப்படா. நான் உங்களுக்குத் தந்த வாக்குப் பிழை. இந்த வீடு என்ட மகள்ட. அவள் கட்டினாலும் அவள்டதான், கட்டாட்டியும் அவள்டதான். எனக்கு அதை வேற ஆருக்கும் குடுக்க ஏலா."

"அம்மா!" என்றான் துசாந்தன். அவன் முகம் செத்துவிட்டது.

அழகரத்தினம் சண்டை பிடிக்கிற மனிதர் இல்லை. "நீங்க சொல்றது ஞாயம் தங்கச்சி," என்றார். "நானும் என்ட புள்ளைகளுக்கு அப்பிடித்தான் செய்தன். ஆனா என்ட மூணாவது புள்ள எங்க இரிக்கிற?"

நாலு வருடமாக ஒருவனை நம்பியிருக்கிற பிள்ளையின் வாழ்க்கை எங்கள் விறாந்தையில் வைத்து முறிகிறது என்று தெரிந்தது.

விதுர்ஷா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். தம்பிக்கும் கொடுத்தாள். பிறகு அழகரத்தினத்துக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, பின்வளவில கிணத்துக்கு அங்கால உள்ள காணி சும்மாதானே கிடக்கு. அம்மா என்ட பேருக்கு எழுதின உடன அதை நான் பிரிச்சு எழுதித் தாறன். ரெண்டு அறையோட ஒரு வீடு தம்பி தாராளமாக் கட்டலாம்."

துசாந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா…"

"உன்ட பேரில இல்லடா. கிருஷாந்தினிட பேரில."

அழகரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி எழும்பி வந்து விதுர்ஷாவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கல்யாணத்துக்கு நாள் பேசினோம். ஆவணியில் வைப்பதென்று முடிவானது.

அவர்கள் போன பிறகு குசினியில் கேதீஸ்வரி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கினேன். முகம் உப்பியிருந்தது அவளுக்கு.

"பாத்தீங்களா உங்கட மகளை? இம்மட்டுப் பெரிய விசயம். கிணத்தடிக் காணியத் தூக்கிக் குடுக்கிறாள். பெத்தவள் நான் பக்கத்தில நிக்கிறன். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?"

"நீ அவள்ட்ட கேட்டியா கேதீஸ்?"

கையில் கோப்பையோடு என்னைப் பார்த்தாள். பைப்பை மூடினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். விதுர்ஷா விறாந்தைப் படியில் இருந்தாள் போலிருக்கிறது.

"புள்ள," என்று கேதீஸ்வரி சொல்வது கேட்டது. "இந்த வீட்ட உனக்குத் தரப் போறன். உனக்கு விருப்பமா?"

விதுர்ஷா, "ஓம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத சத்தம் குசினிவரைக்கும் வந்தது.