தங்கபுஷ்பம் போடாத கையெழுத்து

தென்காசியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் வருகிற பெயர் தங்கபுஷ்பம். வயது நாற்பத்து நான்கு. பிறந்தது சுரண்டை, வாழ்க்கைப்பட்டது தென்காசி. கணவர் ஏசுதாசன் புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறவர். அவரிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஓடிவிட்டது. பேங்க் மேனேஜர், கல்யாணம் நிச்சயமான பெண்கள், துபாய்க்குப் போகப்போகிற ஆட்கள் என்று எத்தனையோ பேருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்து உயிர் கொடுத்திருக்கிறாள்.

இந்த வேலையில் அவளுக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. அங்கே வேலை பார்க்கும் ஆண்களிடம் படித்தவன் டெஸ்ட்டில் கம்பியை இடித்துவிட்டால், “அவனுக்குக் கை வரல” என்பார்கள். இவளிடம் படித்தவன் இடித்தால், “பொம்பள சொல்லிக்குடுத்தா இப்படித்தான்” என்பார்கள். இரண்டும் ஒரே கம்பி, ஒரே இடி.

ஊரடங்குக் காலத்தில் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவள் தங்கபுஷ்பம். பாத்திரங்களை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தவளை இழுத்து உட்காரவைத்து, மகள் கிறிஸ்டி செல்போனில் ‘விசில் வீடு’ என்ற தொடரைப் போட்டுக் காட்டினாள். பொம்மைப் படம் என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கான கதை இல்லை. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் சொரிமுத்து, வீட்டிலும் விசில் அடித்துத்தான் எல்லாரையும் கிளப்புவார். சாப்பிட ஒரு விசில், படுக்க இரண்டு விசில். அவர் மனைவி மாடத்தி அந்த விசிலுக்குச் சொல்கிற பதிலில்தான் கதையே நடக்கும். பத்து நிமிஷத்தில் தங்கபுஷ்பம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து, ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும், ஒரு பகுதி விடவில்லை. நான்கு சீசன், ஐம்பத்திரண்டு பகுதி. இரண்டாம் சீசன் ஓடிக்கொண்டிருந்த சமயம் கிறிஸ்டி நர்சிங் படிக்க நாகர்கோவில் போகும்போது, அம்மாவை ‘விசில் வீட்டுக்காரர்கள்’ என்ற வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அட்மின் செந்தில்வேல், ஆலங்குளத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். எந்தப் பகுதியில் எந்த நிமிஷத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். தங்கபுஷ்பத்தை ‘அக்கா’ என்பான். மரியாதையான பையன்தான்.

தொடரை எழுதுகிறவர்களில் நெல்லையப்பன் என்பவரைத்தான் அந்தக் குழுவே கொண்டாடியது. நம்ம பக்கத்துக்காரர் என்ற பெருமை வேறு. மூன்றாம் சீசனில் வித்யாலட்சுமி என்ற பெண்ணும் எழுத வந்தாள். நான்காம் சீசனில் அவள் எழுதிய ‘மாடத்திக்கு ஒரு நாள் லீவு’ வந்ததும் குழு கொதித்துப் போனது. அந்தப் பகுதி முழுக்க சொரிமுத்து வரவே மாட்டார். மாடத்தி தனியாகப் பஸ் ஏறிக் குற்றாலம் போவாள், குளிப்பாள், சூடாக ரெண்டு பஜ்ஜி தின்பாள், ஈரத்தலையோடு வீடு திரும்புவாள். அவ்வளவுதான்.

“இதுல காமெடி எங்கன இருக்கு?” என்று கேட்டார்கள். “விசிலே இல்லாம என்ன விசில் வீடு?” என்றார்கள்.

தங்கபுஷ்பத்துக்கோ அந்தப் பகுதி ரொம்பப் பிடித்திருந்தது. பஜ்ஜியைத் தின்றுவிட்டு, யாரும் கூப்பிடவில்லையே என்று மாடத்தி திரும்பித் திரும்பிப் பார்க்கிற இடத்தில் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. குழுவில் அதை எழுதினாள். “நீங்க பொம்பள, அதான் பிடிச்சிருக்கு” என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கு முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

ஜூன் கடைசியில் செந்தில்வேல் ஒரு கடிதத்தை எழுதிக் குழுவில் போட்டான். தொடர் எடுக்கிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கடிதம். வித்யாலட்சுமி வந்தபிறகுதான் தொடர் கெட்டது, அவளை எடுத்துவிட்டு எல்லாப் பகுதியையும் நெல்லையப்பனிடமே கொடுங்கள் என்று இருந்தது. கெட்டதற்குச் சாட்சியாக அவள் எழுதிய ஐந்து பகுதிகளின் பெயர்களும் இருந்தன. ஜூலை இரண்டாம் ஞாயிறு குற்றாலத்தில் எல்லாரும் கூடி, அருவியில் குளித்துவிட்டு, லாட்ஜ் ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்புவது என்று ஏற்பாடு.

கடிதத்தைப் படித்தபோது தங்கபுஷ்பம் காரில் இருந்தாள். பக்கத்தில் ஒரு டீச்சர் ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார். இவள் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, “டீச்சர், ரெண்டு நிமிஷம்” என்று சொல்லி அங்கேயே வாய்ஸ் மெசேஜ் பேசினாள்.

“தம்பி செந்திலு, நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பிள்ள எழுதுனதுல மட்டமானது இருக்கு. நாய் இங்கிலீஷ் பேசுமே, அத நானே பாதியில நிப்பாட்டிட்டேன். ஆனா நெல்லையப்பன் சார் எழுதுனதுலயும் குப்பை உண்டும். பேய் வீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போவாரே சொரிமுத்து, அது நல்லாவா இருந்துச்சு? அவர வேலைய விட்டு எடுக்கச் சொல்லி யாரும் லெட்டர் எழுதலயே. ஏன்?”

குழுவில் பதில் மழை மாதிரிக் கொட்டியது. நெல்லையப்பன் சறுக்கினால் அது யானைக்கு அடி சறுக்குவது, வித்யாலட்சுமி சறுக்கினால் நடக்கவே தெரியாதது என்றார் ஒருவர். பொம்பளைக்குப் பொம்பள சப்போர்ட்டு என்றார் இன்னொருவர். செந்தில்வேல் மட்டும் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, எல்லாரும் ஒண்ணாப் போடுதோம். நீங்க மட்டும் ஏன் தனியா நிக்கீங்க? வராமலே இருந்துருங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

“வராம எப்படிலே இருப்பேன்? வருவேன். வந்து போடாம இருப்பேன்.”

அந்த இரண்டு வாரமும் சமையல் முடிந்த கையோடு ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு பகுதிகளையும் முதலிலிருந்து பார்த்தாள். நெல்லையப்பன் எழுதியது முப்பத்து மூன்று. அதில் ஒன்பது தேறாது. வித்யாலட்சுமி பதினொன்று. அதில் நான்கு தேறாது. மிச்சம் எட்டு வேறு ஆட்கள் எழுதியது. தனக்குப் பிடித்தவள் என்பதற்காக ஒன்றைக்கூட அவள் மாற்றிப் போடவில்லை.

லாரியிலிருந்து இறங்கி வந்த ஏசுதாசன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏ புஷ்பம், அந்தப் பொம்பள ஒனக்குச் சொந்தமா பந்தமா? அவளுக்காக எதுக்கு முந்நூறு பேர்கிட்ட மல்லுக்கு நிக்க?”

“அவளுக்காவ இல்லங்க” என்றாள். வேறு யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்ப பழைய மெசேஜையும் தேடிப் பாரு. மனுசன் நேத்து சொன்னத இன்னைக்கு மறந்துருவான்” என்றார்.

அது நல்ல யோசனையாக இருந்தது. தேடினாள். தேடியது கிடைத்தபோது அடுப்படியில் தனியாக நின்று, “அப்படிப் போடு” என்று சத்தமாகச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். மேலே மலையில் மழை கொட்டியதில் மெயினருவியில் குளிக்கத் தடை, ஐந்தருவியிலும் தடை. தலையில் எண்ணெய் தேய்த்துத் துண்டோடு வந்தவர்கள் குளிக்க வழியில்லாமல் எரிச்சலோடு லாட்ஜ் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். எழுபது பேருக்கு மேல் இருக்கும். தங்கபுஷ்பம் எல் போர்டு மாட்டிய காரை வெளியே நிறுத்திவிட்டு, நோட்டோடு உள்ளே போனாள்.

செந்தில்வேல் கடிதத்தை வாசித்தான். கைதட்டினார்கள். முதல் வரிசையில் தாள் கையெழுத்துக்குச் சுற்ற ஆரம்பித்தபோது இவள் எழுந்தாள்.

“ஒரு நிமிஷம். அந்த அஞ்சு பகுதியில ரெண்டாவதா என்ன போட்டிருக்கு?”

செந்தில்வேல் தாளைப் பார்த்தான். “‘சத்தம் போடாத நாள்.’ சொரிமுத்து விசில் தொலைஞ்சிரும், அது.”

“ஏன் மட்டம்?”

“அதுல உயிரே இல்லக்கா. நெல்லையப்பன் அண்ணாச்சி எழுத்துல இருக்க உயிரு அதுல கிடையாது.”

தங்கபுஷ்பம் செல்போனை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“மூணாவது சீசன் வந்தப்ப எழுதுனவங்க பேரு கடைசியில வராது, ஞாபகம் இருக்கா? சீசன் முடிஞ்ச பெறவுதான் யாரு யாரு எழுதுனாவன்னு கம்பெனிக்காரங்க பேரு விட்டாங்க. ‘சத்தம் போடாத நாள்’ வந்த அன்னைக்கு நம்ம குழுவுல வந்தத வாசிக்கேன். ‘ஒவ்வொரு வரியிலயும் நெல்லையப்பன் அண்ணாச்சி தெரியுதாரு. வேற எவனாலயும் இப்படி எழுத முடியாது.’ எழுதுனது செந்தில்வேலு. கீழ நூத்திப்பத்து பேரு கைதட்டியிருக்கீங்க. பேரையும் வாசிக்கட்டா?”

யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. செந்தில்வேலின் காது மடல் சிவந்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “அப்பம் யாரு எழுதுனதுன்னு தெரியாதும்மா.”

“அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். தெரியாதப்ப நல்லா இருந்துச்சு. தெரிஞ்ச பெறவு உயிரு போயிருச்சு.”

“அதுக்காவ நாய் இங்கிலீஷ் பேசுதத நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லுதியளா?” என்று அவர் விடவில்லை.

“சொல்ல வேண்டாம். மட்டம்னு எழுதுங்க. நானும் சேந்து எழுதுதேன். பேய் வீட்டையும் மட்டம்னு எழுதுங்க. பகுதியத் திட்டுங்க, ஆள எடுன்னு சொல்லாதீங்க. அவ எழுதுனத ஒரு தராசுலயும் அவரு எழுதுனத வேற தராசுலயும் நிறுக்கீங்க. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதச் சொல்லத்தான் அச்சன்புதூர்ல ரெண்டு வகுப்ப விட்டுட்டு வந்தேன்.”

நோட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதன்பிறகு ஹாலில் பெரிய சத்தம். நாலைந்து பேர் நோட்டைப் புரட்டி, இது எப்படி மட்டம், அது எப்படி நல்லது என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நெல்லையப்பனின் ஒன்பதில் மூன்றை மீட்க ஒரு கூட்டம் கிளம்பியது. தாள் அதுபாட்டுக்குச் சுற்றி வந்தது. கடைசியில் எண்ணியபோது இருபத்தாறு கையெழுத்துதான் இருந்தது. செந்தில்வேல் தன் கையெழுத்தைப் போட்டான். பின்வாங்கவில்லை.

வாசலில் அவளை வழிமறித்து, “எல்லார் முன்னாடியும் என் மெசேஜத்தான் வாசிக்கணுமாக்கா?” என்றான்.

“வேற யாருத வாசிச்சாலும் ஒனக்கு ஒறைச்சிருக்காதே தம்பி.”

அன்றைக்கு மாலையே அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று அவள் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை தன் கடிதத்தைத் தானே எழுதினாள். எந்தப் பகுதி ஏன் நன்றாக இருந்தது, எது ஏன் சரியில்லை என்று யார் பெயரையும் சேர்க்காமல் நாலு பக்கம். கிறிஸ்டியும், ஹாலில் பார்த்த இரண்டு பெண்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனியிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. இருபத்தாறு பேர் கடிதத்துக்கும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஐந்தாம் சீசன் வந்தது. வித்யாலட்சுமி பெயரில் மூன்று பகுதி. முதலாவது அருமை. இரண்டாவது சுமார். மூன்றாவதில் சொரிமுத்து கனவில் ராக்கெட் ஓட்டி நிலாவில் டிக்கெட் கொடுத்தார். தங்கபுஷ்பம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் செந்தில்வேலிடமிருந்து மெசேஜ் வந்தது. “நிலாவ பாத்தீங்களாக்கா? இப்ப என்ன சொல்லுதீங்க?”

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “படு மட்டம். நெல்லையப்பன் சார் இந்த சீசன்ல எழுதுன ஜோசியக்காரன் கதையவிட மட்டம். ரெண்டு பேரும் அடுத்தது எழுதட்டும், பாப்போம்” என்று அனுப்பிவிட்டு, அன்றைய வகுப்புக்கு வந்து நின்ற ஆளைப் பார்த்து, “ஏறுங்க, கிளட்ச மிதிங்க” என்றாள்.