பக்கத்துக் குடத்துக்குப் போன தண்ணீர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். இன்ஜினியரிங் பாடத்தைப் பற்றி எழுத வந்ததற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் சிவில் படிக்கிறாள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மட்டும் அரியர். விடிந்தால் மறுபடியும் அந்தத் தேர்வு. "நான் எழுதப் போவல. படிப்பையே வுட்டுடறேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

எனக்குத் திட்டத் தெரியவில்லை. "அதுல இன்னாதான்டி இருக்குது?" என்று கேட்டேன்.

"பைப்புல உள்ள போறது எவ்ளோவோ அவ்ளோதான் வெளிய வருமாம். வாய் சின்னதானா வேகம்தான் ஜாஸ்தியாவுமாம், தண்ணி ஜாஸ்தியாவாதாம். மனப்பாடம் பண்ணிட்டேன். நம்பத்தான் முடியல."

என்னாலும் நம்ப முடியவில்லை. எங்கள் வடக்கனந்தல் தெருவில் ஒரே பைப்பிலிருந்து இரண்டு குழாய்கள். தண்ணீர் நிற்பதற்குள் பிடித்துவிட வேண்டுமே என்று குழாயில் மாட்டிய டியூபின் வாயை விரலால் அழுத்திக்கொள்வது என் வழக்கம். சீறிக்கொண்டு பாயும். குடம் சீக்கிரம் நிறைகிறது என்றே நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர் வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துக் குழாயில் எதிர்வீட்டுக்காரி. ஒரே அளவுக் குடங்களை வைத்தோம். நான் டியூபை அழுத்திப் பிடித்தேன். எதிர்வீட்டுக்காரி தன் டியூபைச் சும்மா விட்டாள்.

"இன்னாக்கா, தண்ணி புடிக்கிறதுல பந்தயமா?" என்று சிரித்தாள்.

அவள் குடம் நிறைந்து வழிந்தது. என் குடத்தில் நாலு விரல் குறை.

"கொறையிற தண்ணி எங்கடி போச்சு?" என்றேன் மகளிடம்.

அவள் என் விரலை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரியின் டியூபில் வேகம் குறைந்தது. மறுபடி அழுத்தச் சொன்னாள். அங்கே வேகம் கூடியது.

"எங்கயும் காணாப் போவலம்மா. நீ அடைக்கிறது அந்தாண்ட போய்க்கினு இருக்குது."

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப இத்தினி வருசமா எனக்குத்தான் தண்ணி வுட்டுக்கினு இருந்தியா? இனிமேட்டும் நல்லா அழுத்துக்கா!"

மகள் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறந்து, இரண்டு வாய் உள்ள ஒரு பைப் படம் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"வந்ததும் போனதும் சரியா இருக்குதா?"

"இருக்குதும்மா."

மறுநாள் காலை அவள் பஸ் ஏறித் தேர்வுக்குப் போனாள். அன்று எங்கள் இரண்டு குழாயிலும் தண்ணீர் வரவில்லை.